மூன்று ராணிகளைக் கவிழ்த்தவர்

சீட்டாடத் தெரியும் என்று சொல்லுகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்குச் சீட்டைப் பிடிக்க மட்டுந்தான் தெரியும். கையில் வந்ததைக் கீழே வைக்க மனசு வராதவன் ஒரு வகை. எதிரே இருக்கிறவன் தொண்டையைச் செருமினாலே கீழே வைத்துவிடுகிறவன் இன்னொரு வகை. எப்போது காசு கட்டுவது, எப்போது கட்டினதுக்கு மேல் ஏத்துவது, எப்போது சீட்டைக் கவிழ்த்து விலகுவது என்று தெரிந்த ஒரே ஒரு ஆளை ஜோகூரில் நான் பார்த்திருக்கிறேன். அவனைக் காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் பார்ப்பேன்.

எனக்குப் படிப்பு கிடையாது. எண் தெரியும், கையெழுத்துப் போடுவேன், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். போக்கர் ஆட்டத்தை நான் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. கப்பல் ஏறி மலாயாவுக்கு வந்து, கூலாய்ப் பக்கம் ரப்பர்க் காட்டில் சில வருஷம் மண்வெட்டி பிடித்து, அது சரிப்படாது என்று துரைமார் கிளப்பில் தட்டு ஏந்தும் வேலைக்குப் போனேன். நாலு துரை உட்கார்ந்து ஆடுவார்கள். ஆளுக்கு ஐந்து சீட்டு, வேண்டாததைப் போட்டு ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். நான் தட்டோடு நாற்காலிக்குப் பின்னால் நிற்பேன். மேஜையைச் சுற்றி வருகிறவன் நான் ஒருவன்தான், ஆகவே நாலு கையும் தெரிகிறவனும் நான் ஒருவன்தான். அந்தத் துரைகளுக்கு நான் மனுஷனாகத் தெரிந்திருந்தால் சீட்டை மறைத்திருப்பார்கள். தெரியவில்லை, எனக்கு நல்லதாகப் போயிற்று.

அவர்கள் ஆட்டத்தைப் பார்த்து நான் வியந்துபோனேன் என்று நினைக்காதீர்கள். ஆயிரம் ஏக்கர் ஆளுகிற மனுஷன், கையில் ஒரு ஒன்பது, ஒரு நாலு, ஒரு ராஜா, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குப்பையை வைத்துக்கொண்டு, மூன்று சீட்டை மாற்றினால் சொர்க்கம் வரும் என்று காசு போடுவான். வராது. மறுபடி போடுவான். அந்த மேஜையில் ஒரு கட்டுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்து ஆடுவார்கள். வரம்பு வைத்த ஆட்டத்தில் காசைக் குவித்து ஆளை மிரட்ட முடியாது. எவ்வளவு பெரிய துரையானாலும் ஒரு கட்டுத்தான், அதற்கு மேல் ஒரு ஏத்துத்தான். அங்கே பின்னால் நின்றே நான் இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒன்று, முதல் கை குப்பை என்றால் அப்போதே கவிழ்த்துவிட வேண்டும். வரம்பு ஆட்டத்தில் யாரும் ஒரே அடியில் சாகமாட்டான், அட்டை கடித்த மாதிரி கொஞ்சங் கொஞ்சமாகத்தான் ரத்தம் போகும். இன்னொன்று, கடைசி வரைக்கும் நல்ல கையோடு வந்துவிட்டால், நடுவில் நிறையக் காசு கிடக்கும்போது, எதிராளி சீட்டைப் பார்ப்பதற்கு ஆகிற ஒரு கட்டுக்குப் பயந்து ஓடக் கூடாது. பார்த்துத் தோற்றால் ஒரு கட்டு நஷ்டம். பார்க்காமல் ஓடி, எதிராளி கையில் ஒன்றுமில்லை என்றால் கிடக்கிற அவ்வளவும் நஷ்டம். இதற்குப் படிப்பு எதற்கு?

பிறகு இரண்டு மாட்டு வண்டி வாங்கினேன், கிளப்பை விட்டேன். செடெனாக்குக்கும் கூலாய்க்கும் நடுவில் இருந்த ஒரு தோட்டத்துக்கு விறகு ஓட்டும் ஒப்பந்தம் எடுத்தேன். ரப்பர்த் தகடுகளைப் புகை போட்டுக் காய வைக்கும் கொட்டகைக்கு ராப்பகலாய் விறகு வேண்டும். இரண்டு வண்டி நாலு வண்டியாயிற்று. எந்த மாட்டையும் யாரும் எனக்குச் சும்மா கொடுக்கவில்லை.

அந்தத் தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. ஆபீஸ் முழுவதும் அவர் கையில். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கிலீஷ் எழுதினால் அச்சுப் போல இருக்கும் என்பார்கள். இருக்கட்டும். விறகு நல்லது, விறகு ஈரம் என்று ஒரு வார்த்தை சொல்லி என்னை வாழ வைக்கவும் கெடுக்கவும் அவரால் முடியும். மழை பெய்கிற காலையில் பால் வெட்டு கிடையாது. விடியற்காலைப் பெரட்டு வரிசையில் பேர் கொடுத்த ஜனங்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பிவிடுவார்கள், ஆபீசிலும் பெரிய வேலை இருக்காது. அந்த மாதிரிக் காலைகளில் அவர் வீட்டு வராந்தாவில் போக்கர் நடக்கும். சூதாட்டம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். மூளைக்கு அப்பியாசம் என்பார். அதற்கென்று அவரே வரம்பு வைத்தார். முதலில் ஆளுக்கு ஐந்து காசு நடுவில் போட வேண்டும். சீட்டு மாற்றுகிறதற்கு முன்னால் ஒரு கட்டு பத்துக் காசு, மாற்றின பிறகு இருபது காசு. ஒரு சுற்றில் மூன்று தடவைக்கு மேல் ஏத்தக் கூடாது.

ஆடுகிறவர்கள் நாலு பேர். பெரிய கிராணி. தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரசர், அவரும் யாழ்ப்பாணம், கல்யாணம் ஆகாதவர். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். நாலாவது கைக்கு வேறு கண்ணியமான ஆள் கிடைக்காததால் நான். அவர்கள் மூன்று பேருக்கும் பிரம்பு நாற்காலி. எனக்கு ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். நான் உட்கார்ந்தால் மேஜை என் நெஞ்சுக்கு வரும். என்னைத் தாழ உட்கார வைத்ததில் அவர்களுக்கு ஒரு திருப்தி. தாழ உட்கார்ந்தவனுக்குப் பக்கத்து நாற்காலிக்காரன் சாய்த்துப் பிடித்த சீட்டு அப்படியே தெரியும் என்பது மூன்று படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என் பக்கத்து நாற்காலி டிரசருடையது.

ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மேஜையில் சீட்டைப் பார்க்கவே தேவையில்லை. மனுஷனுடைய பதவியைப் பார்த்தால் போதும். பெரிய கிராணி கட்டினால் வாத்தியார் கவிழ்த்துவிடுவார், சம்பளம் அவர் கையால் வருகிறதல்லவா. கையில் மூன்று ஆஸ் இருந்தாலும் கவிழ்ப்பார். என்னிடம் மட்டும் சிங்கம், மூன்றுக்கு மூன்று என்ற சின்ன ஜோடியை வைத்துக்கொண்டு என்னை ஏத்துவார், வாங்கிக் கட்டிக்கொள்வார். டிரசர் அதைவிட மோசம். பெரிய கிராணி சீட்டைக் கையில் எடுக்கும்போதே இவர் கீழே வைக்கத் தயாராக இருப்பார். இதனால் பெரிய கிராணிக்குத் தாம் பெரிய ஆட்டக்காரர் என்று எண்ணம். கோசோங் கை, உள்ளே ஒன்றுமே இல்லை, ஆனாலும் ஏத்துவார், எல்லோரும் ஓடுவார்கள், அவர் காசை வாரிக்கொண்டு, முகத்தைப் பார்த்தே மனசை வாசிக்கிற கலையைப் பற்றி எங்களுக்கு உபதேசம் செய்வார். நானும் அவரிடம் அவ்வப்போது தோற்பேன். அதை நான் தோல்வி என்று வைக்கவில்லை, மாட்டுக்குப் புண்ணாக்கு மாதிரி அது என் தொழிலுக்குத் தீனி. மற்ற இரண்டு பேரிடமும் அதை வட்டியோடு எடுத்துவிடுவேன்.

டிரசர் ஏன் அப்படிக் குனிந்தார் என்பது தோட்டத்துக்கே தெரியும். பெரிய கிராணிக்கு ஒரு மகள். டிரசர் பெண் கேட்டிருந்தார். அந்தம்மா, பெரிய கிராணியின் சம்சாரம், சம்மதித்தாயிற்று. பெண்ணுக்கும் இஷ்டம். மழைக் காலைகளில் தேத்தண்ணி கொண்டு வரும்போது டிரசர் பக்கத்துக் கோப்பையில்தான் சீனி சரியாக இருக்கும், எனக்கு வெறும் கசப்பு. தகப்பன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கூலாய் ஸ்டேஷனில் இருந்த ஒரு ரயில் கிராணியும் ஆள் விட்டுக் கேட்டிருந்தார். தை பிறந்ததும் சொல்லுகிறேன் என்று பெரிய கிராணி இரண்டு பேரையும் தொங்க விட்டிருந்தார். டிரசருக்கு அந்தப் பெண்ணைத் தவிர வேறு நினைப்பில்லை. காய்ச்சல் மருந்து கேட்டவனுக்குப் பேதி மருந்து கொடுத்த நாளும் உண்டு.

ஒருநாள் விறகை அளந்து போட்டுவிட்டு ஆபீஸ் படியில் நிற்கிறேன். பெரிய கிராணி வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. டிரசர்ப் பெடியன் நல்லவன்தான், ஆனால் முதுகெலும்பு இல்லை, சீட்டிலேயே ஒரு தரமும் நிமிர்ந்து நிற்கத் தெரியாதவன் குடும்பத்தை எப்படி நிமிர்த்துவான் என்று சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த ஆள் ஒரு வருஷமாக இவருக்கு மரியாதை என்று நினைத்து நல்ல நல்ல கையெல்லாம் தூக்கிப் போட்டிருக்கிறான். இவர் அதை எடுத்து முதுகெலும்பு இல்லை என்று எழுதிக்கொள்கிறார். பெரிய இடத்து மனுஷனிடம் குனிந்தால் இதுதான் கூலி.

ஆஸ்பத்திரி வாசலில் டிரசரைப் பிடித்தேன். கேட்டதைச் சொன்னேன். மனுஷன் முகம் செத்துவிட்டது.

"அப்ப நான் என்ன செய்யிறது?" என்று என்னிடம் கேட்டார். இங்கிலீஷ் படித்தவர், விறகுக்காரனிடம் கேட்கிறார்.

"ஏத்துங்க" என்றேன்.

"எனக்கு நல்ல சீட்டே வாறதில்லையே."

"நல்ல சீட்டு எதுக்கு தம்பி? ஒரு வருஷமா அவரை எதுத்து நீங்க ஏத்துனதே இல்ல. நாளைக்கு ஏத்துனீங்கன்னா உங்க கையில என்ன இருக்குன்னு நெனைப்பாரு?"

அவருக்கு அது உறைக்க நேரமாயிற்று. எத்தனை வருஷம் படித்தாரோ தெரியாது. நான் விளக்கினேன். இருபது காசுக்கு யாரையும் மிரட்ட முடியாது, வரம்பு ஆட்டத்தில் பொய்க்கு விலை போகாது, சாதாரண ஆள் பார்த்துவிடுவான். ஆனால் பெரிய கிராணி சாதாரண ஆள் இல்லை, அகம்பாவக்காரர். தன்னிடம் பயந்தவன் வெறுங்கையோடு எழுந்து நிற்பான் என்று அவர் மூளை ஒருநாளும் ஒத்துக்கொள்ளாது. நீங்கள் இத்தனை நாள் கவிழ்த்ததெல்லாம் போட்டு வைத்த முதல். ஒரே ஒரு தடவை எடுக்கலாம், எடுங்கள். இவ்வளவுதான் சொன்னேன்.

அடுத்த மழை கெட்டியாகப் பிடித்தது. காலையில் பெரட்டு கலைந்தது. நாங்கள் உட்கார்ந்தோம். சாரல் அடித்து மேஜை விரிப்பின் ஒரு ஓரம் நனைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் வழக்கம்போல் போயிற்று, பெரிய கிராணி கட்டினார், டிரசர் கவிழ்த்தார், நான் இவர் தேறமாட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். பிறகு வாத்தியார் சீட்டுப் போட்ட ஒரு கை வந்தது. எனக்குக் குப்பை. வாத்தியாருக்கு என்னவோ, பெரிய கிராணி பத்துக் காசு கட்டியதும் இரண்டு பேரும் கவிழ்த்தோம். டிரசர் சீட்டைச் சாய்த்துப் பிடித்திருந்தார். நாலு ஆர்ட்டின், ஒரு கறுப்பு. அந்தக் கறுப்பைப் போட்டு இன்னொரு ஆர்ட்டின் வந்தால் ஐந்தும் ஒரே பூ, பெரிய கை. வராவிட்டால் ஒன்றுமே இல்லை.

அவர் ஏத்தினார்.

பெரிய கிராணி கண்ணாடியை மூக்கில் இறக்கி அவரைப் பார்த்தார். பிறகு திருப்பி ஏத்தினார். டிரசர் மறுபடியும் ஏத்தினார். மூன்று ஏத்து முடிந்தது, வரம்பு, அதற்கு மேல் யாராலும் முடியாது. பெரிய கிராணி கட்டிவிட்டு இரண்டு சீட்டு மாற்றினார். மூன்று ஒரே சீட்டை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். டிரசர் ஒரு சீட்டு மாற்றினார். வந்தது கிளாவர் ஆறு. தண்டம்.

பெரிய கிராணி இருபது காசு கட்டினார். இங்கேதான் டிரசர் கவிழ்த்துவிடுவார் என்று நான் நினைத்தேன். எனக்குக்கூட ஒரு தடவை தப்பும். அவர் காசை எடுத்து வைத்தார், அதற்கு மேல் இன்னொரு இருபதும் வைத்தார்.

இப்போது பெரிய கிராணி முன்னால் இருந்த கணக்கைப் பாருங்கள், என் மாடுகூடப் போட்டுவிடும். நடுவில் ஒரு வெள்ளி அறுபது காசு, அதாவது நூற்று அறுபது காசு கிடக்கிறது. பார்க்க ஆகிறது இருபது. இந்த மாதிரி இடத்தில் ஒன்பது தடவைக்கு ஒரு தடவை ஜெயித்தாலே கையைக் கடிக்காது. இவர் கையில் மூன்று ஒரே சீட்டு. ஐந்து வயதுப் பிள்ளையும் பார்க்கும். இவர் பார்க்கவில்லை. கண்ணை மூடி, தலையை ஆட்டி, பெரிய ஞானி மாதிரி யோசித்தார். இந்தப் பெடியன் என்னை ஏத்துகிறானென்றால், மாற்றின ஒரு சீட்டில் மூன்றும் இரண்டுமாகச் சேர்ந்து என் மூன்றை அடிக்கிற கை வந்துவிட்டது, வேறெப்படியும் இருக்க முடியாது. அவர் மண்டைக்குள் ஓடியது எனக்கு எழுதிப் படித்த மாதிரி தெரிந்தது. சீட்டை ஒவ்வொன்றாகத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். மூன்று ராணி.

"பாருங்கோ, மூண்டு ராணியை விட்டிட்டன். இதுதான் விளையாட்டு. வேறை ஒருத்தனெண்டால் காசைக் கொண்டுபோய்க் குடுத்திருப்பான்" என்றார்.

அதோடு விட்டிருந்தால் எல்லாம் சுபம். ஏனென்றால் மனுஷன் தோற்றதில் சந்தோஷமாகிவிட்டார். தம்முடைய சாமர்த்தியத்தில் அவருக்கு அவ்வளவு பூரிப்பு. டிரசர் முதுகில் தட்டினார். இண்டைக்குத்தான் ஆம்பிளை மாதிரி விளையாடுறீர் என்றார். உள்ளே திரும்பித் தேத்தண்ணி கொண்டு வரச் சொன்னார், மத்தியானம் டிரசர் இங்கேதான் சாப்பிடுகிறார் என்றும் சொன்னார். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் வாத்தியாரைப் பார்த்தேன். தை பிறக்கக் காத்திருக்க வேண்டாம் போலிருந்தது.

அப்புறம் பெரிய கிராணி சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, வெகு பிரியமாகக் கேட்டார்.

"அது சரி தம்பி, என்ன வைச்சிருந்தனீர்? காட்டும் பாப்பம்."

போக்கரில் ஒரே ஒரு தர்மம் உண்டு. பார்க்கக் காசு கட்டாதவனுக்குச் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. நான் மேஜைக்குக் கீழே டிரசர் காலை மிதித்தேன், நன்றாகவே மிதித்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? காலை இழுத்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பெரியவர் கேட்டுவிட்டார். பெரியவர் கேட்டால் காட்ட வேண்டும், மாமனாராக வரப்போகிறவர் கேட்டால் கட்டாயம் காட்ட வேண்டும். அவர்கள் வளர்ப்பு அப்படி. ஏத்தச் சொல்லிக் கொடுத்தேன், மூடி வைக்கவும் சொல்லித் தர வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதைக் கோழிக்கும் சொல்ல வேண்டாம், முட்டையை மூடித்தான் வைக்கும்.

சீட்டை வரிசையாக வைத்தார். நாலு ஆர்ட்டின். ஒரு கிளாவர் ஆறு.

அந்த நேரம் பார்த்துப் பெண் தேத்தண்ணித் தட்டோடு வந்தது. அப்பா கவிழ்த்த மூன்று ராணியும் மேஜையில் மல்லாந்து கிடக்கிறது, பக்கத்தில் இந்தக் குப்பை. அந்தப் பெண்ணுக்கும் சீட்டுத் தெரியும் போலிருக்கிறது. சிரித்துவிட்டது. பெரிய சிரிப்பில்லை, கோப்பைகள் மட்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. எனக்கு அந்தக் குடும்பத்தில் பிடித்த ஆள் அது ஒன்றுதான்.

பெரிய கிராணி சிரிப்பைக் கேட்டார். முகம் காதுவரைக்கும் கறுத்தது.

"என்ர வீட்டில இருந்துகொண்டு, என்ர முகத்தைப் பாத்துப் பொய் சொல்லியிருக்கிறீர்" என்றார்.

டிரசர் எழுந்து நின்றுவிட்டார். "இது விளையாட்டுத்தானே ஐயா."

"விளையாட்டிலயே இப்பிடியெண்டால்" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. ஒரு வருஷமாகக் கோசோங் கையை வைத்து எங்களை மிரட்டியவர் பேசுகிற பேச்சு இது. தான் செய்தால் கலை, அடுத்தவன் செய்தால் பொய். நான் பெட்டியில் உட்கார்ந்து கசப்புத் தேத்தண்ணியைக் குடித்தேன். டிரசர் ஜெயித்த காசை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். மத்தியானச் சாப்பாடு பற்றி யாரும் பேசவில்லை.

சில நாள் வெயில் அடித்தது. மறுபடி மழை பிடித்த காலையில் நான் வராந்தாவுக்குப் போனால் என் மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் காணோம். மூன்று நாற்காலிதான் கிடந்தது. பெரிய கிராணி டிரசர் நாற்காலியைக் காட்டி, "இரும் விறகுக்காரர்" என்றார். அதுவரைக்கும் நான் விறகுக்காரன், அன்றைக்கு ர் போட்டார். உட்கார்ந்தேன். நல்ல நாற்காலி. ஆனால் ஒருத்தன் சீட்டும் தெரியவில்லை.

முதல் கை போடும்போது குடையைப் பிடித்துக்கொண்டு டிரசர் வந்தார். படியில் ஏறினவர் நாற்காலிகளை எண்ணினார், என்னைப் பார்த்தார். பெரிய கிராணி சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாத்தியார் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரைச்சீலைக்குப் பக்கத்தில் அந்தப் பெண் நின்றது. மறைந்து நிற்கவில்லை, தகப்பன் திரும்பினால் தெரிகிற இடத்தில், நிமிர்ந்து நின்றது. டிரசர் முகத்தை நேராகப் பார்த்தது.

அதைவிட நல்ல சீட்டு ஒரு மனுஷன் கைக்கு வருமா? தாய் சம்மதம், பெண் எதிரே நிற்கிறது, தகப்பனுக்குச் சொல்ல ஒரு நியாயமும் இல்லை. ஐயா, என் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், நான் அதற்குத்தான் வந்தேன் என்று ஒரே வார்த்தை. அந்தக் கிழவருக்கு இருபது காசு ஏத்தையே தாங்க முடியவில்லை, இதை எங்கே தாங்கப் போகிறார். நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஏத்து, ஏத்து என்று.

டிரசர் சட்டைப் பையிலிருந்து ஒரு மருந்துப் போத்தலை எடுத்தார்.

"ஐயாவுக்குத் தடிமன் எண்டு கேள்விப்பட்டன். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கரண்டி எடுங்கோ" என்று ஓரத்தில் வைத்தார். குடையை விரித்தார். போய்விட்டார்.

அங்கே யாருக்கும் சளியும் இல்லை, தடிமனும் இல்லை. பெண் கொஞ்ச நேரம் அந்தப் போத்தலைப் பார்த்தது, பிறகு உள்ளே போனது. ஒன்றுமில்லாத கைக்குத் துணிந்தவன், எல்லாம் இருந்த கையைக் கவிழ்த்துவிட்டுப் போகிறான். மழையில் அவர் குடை ஆஸ்பத்திரிப் பக்கம் போவதைப் பார்த்தபோது எனக்கு வந்தது இரக்கம் இல்லை, ஆத்திரம். ஒருவர் மேல் மட்டும் இல்லை, அந்த வராந்தா மேல்.

வாத்தியார் கவிழ்த்துவிட்டார், அது தெரிந்த கதை. பெரிய கிராணி கட்டினார். நான் ஏத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். திருப்பி ஏத்தினார், நானும் ஏத்தினேன். மாற்றினோம். அவர் கட்டினார், நான் இன்னும் ஒன்று ஏத்தினேன். அதுவரை அவரிடம் மரியாதையாகத் தோற்று வந்த ஆள் நான். அவர் என் முகத்தைப் படித்தார். படிக்கட்டும், அதில் எழுத்து இருந்தால்தானே. போன தடவை இப்படித்தான் ஏமாந்தோம், இதுவும் அதுவா? அல்லது இவன் விறகுக்காரன், விறகு ஒப்பந்தத்தையே பணயம் வைக்கிறானென்றால் இவனிடம் உண்மையாகவே கை இருக்குமா? இந்த இரண்டுக்கும் நடுவில் மனுஷன் ஆடினார். கடைசியில் சீட்டைக் கவிழ்த்தார். பார்க்க ஆனது அதே இருபது காசுதான். திருந்தாத ஜென்மம்.

நான் காசை வாரினேன்.

"என்ன இருந்தது?" என்றார்.

"காசு கட்டுனா காட்டியிருப்பேன் ஐயா" என்று சொல்லிவிட்டு, என் சீட்டைக் கட்டுக்குள் செருகிக் கலைத்தேன்.

வாத்தியாருக்கு மூச்சே நின்றுவிட்டது. எனக்கு விறகு ஒப்பந்தம் போய்விடும் என்று அவர் பிறகு தோட்டம் முழுவதும் சொன்னாராம். போகவில்லை. பெரிய கிராணி என்னை விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். என்னை விட்டால் அந்தச் சீட்டு என்னவென்று அவருக்கு எப்போதும் தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு மழைக்கும் ஆள் அனுப்பினார். நான் சில தடவை போனேன், பல தடவை வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். வேலை உண்மையாகவே இருந்தது. லாரி வாங்கியிருந்தேன்.

தை பிறந்தது. பெண்ணைக் கூலாய் ரயில் கிராணிக்குக் கொடுத்தார்கள். கல்யாண வீட்டு ஜனங்களை என் லாரியில்தான் ஏற்றிப்போனேன், வாடகையில் ஒரு காசு குறைக்கவில்லை. டிரசர் வந்திருந்தார், வரிசையில் நின்று பரிசு கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். அப்புறம் தங்காக் பக்கம் ஏதோ தோட்டத்துக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கேயும் பெரியவர்கள் கேட்டதையெல்லாம் காட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

பெரிய கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குப் புறப்பட்ட அன்று, பெட்டி படுக்கையெல்லாம் என் லாரியில்தான் கூலாய் ஸ்டேஷனுக்குப் போயிற்று. மருமகனும் மகளும் வழியனுப்ப நின்றார்கள். ரயில் வந்ததும் எல்லோரையும் விட்டுவிட்டு அவர் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார். மனுஷன் தளர்ந்திருந்தார்.

"இனி நான் இந்த நாட்டுக்கு வரப்போறதில்லை. அண்டைக்கு மழைக்குள்ளை உம்மட கையில என்ன இருந்தது? சொல்லும்."

மகள் தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டேன். வண்டி கிளம்பப் போகுது ஐயா, ஏறுங்க என்றேன். ஏறினார். ஜன்னல் வழியாகவும் என்னையேதான் பார்த்துக்கொண்டு போனார், மகளைப் பார்க்கவில்லை.

இத்தனை வருஷமும் என் சம்சாரத்திடம்கூட நான் சொன்னதில்லை. உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. நீங்களும் இருபது காசு கட்டவில்லையே.